பவதாரிணிக்கு ஒரு பிடி அன்னம்

கொல்கத்தா போகிறவர்கள் தட்சிணேஸ்வரம் காளியைத் தரிசிக்காமல் திரும்புவதில்லை. ராமகிருஷ்ணர் தங்கிய அறையிலும் சற்று நேரம் அமர்ந்து வருகிறோம். அந்த ஆலயத்தை எழுப்பியது யார் தெரியுமா? உங்களையும் என்னையும் போல ஒரு குடும்பத் தலைவிதான்!

ராணி ராஸ்மணி. பெயரில்தான் ராணி, அரச குலம் அல்ல. 1793-ல் ஹாலிசகர் அருகே கோனா கிராமத்தில், கைவர்த்தர் குலத்தில் பிறந்தவர். 11 வயதில் கொல்கத்தா ஜான்பஜார் செல்வந்தர் ராஜசந்திர தாஸுக்கு வாழ்க்கைப்பட்டார். நான்கு பெண் குழந்தைகள். 1836-ல் கணவர் மறைய, சொத்து நிர்வாகம் முழுவதும் இவர் தலையில் விழுந்தது. அசரவில்லையே! கங்கையில் மீன் பிடிக்க ஆங்கிலேயர் வரி போட்டபோது, ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்து, குறுக்கே இரும்புச் சங்கிலி கட்டிக் கப்பல்களை மறித்தார். வரி நீங்கியது.

1847-ல் காசி யாத்திரைக்குப் படகுகள் தயாராக நின்றன. அப்போது கனவில் வந்த காளி, காசிக்கு வர வேண்டாம், கங்கைக் கரையிலேயே தனக்குக் கோயில் எழுப்பச் சொன்னாளாம். யாத்திரை நின்றது, திருப்பணி தொடங்கியது. ஒன்பது சிகரங்களுடன் காளி சந்நிதி, 12 சிவன் சந்நிதிகள், ராதாகாந்தர் சந்நிதி என எட்டு வருட உழைப்பு.

சோதனை அதற்குப் பிறகுதான்! நாம் சாதம் வடித்ததும் சுவாமிக்குக் காட்டிவிட்டுத்தானே சாப்பிடுகிறோம்? தான் கட்டிய கோயிலில் அம்பாளுக்கு அன்னம் நிவேதிக்க ராஸ்மணிக்கு உரிமை இல்லை என்றார்கள் பண்டிதர்கள். காரணம், பிறந்த குலம். பூஜை செய்யவும் ஒருவரும் வரவில்லை. எப்படித் தவித்திருப்பார்!

ராம்குமார் என்ற பண்டிதர் மட்டும் வழி சொன்னார். ஆலயத்தை ஓர் அந்தணருக்குத் தானமாகக் கொடுத்துவிட்டால் தோஷமில்லை என்றார். ராஸ்மணி தயங்காமல் தன் குருவின் பெயருக்கு எழுதி வைத்தார். கட்டியவருக்கே சொந்தமில்லாமல் போனாலும், அம்மா பட்டினி கிடக்கக் கூடாதே! 1855 மே 31, ஸ்நான யாத்திரை நாளில் பிரதிஷ்டை நடந்தது. ராம்குமாரே அர்ச்சகரானார்.

அவருடைய தம்பிதான் பின்னாளில் ராமகிருஷ்ணர். அவரும் முதலில் கோயில் பிரசாதத்தை ஏற்காமல், கங்கைக் கரையில் தனியே சமைத்துச் சாப்பிட்டவர்தான். ஒருநாள் சந்நிதியில் அவர் பாடிக்கொண்டிருக்க, ராஸ்மணியின் மனமோ ஒரு கோர்ட் வழக்கில் கிடந்தது. பளாரென்று அறைந்துவிட்டார் ராமகிருஷ்ணர். ஊழியர்கள் பதறி ஓடிவந்தார்கள். ராணியோ, தவறு தன்னுடையதே என்று அவர்களைத் தடுத்துவிட்டார்.

கோயில் செலவுக்காக தினாஜ்பூரில் நிலம் வாங்கியிருந்தார். அதை ஆலயத்துக்கு எழுதி வைக்கும் பத்திரத்தில் 1861 பிப்ரவரி 18 அன்று கையெழுத்திட்டார். மறுநாள் கண்மூடினார்.