பலன் கேளாத பக்தி: பண்டித ரமாபாயின் வாழ்க்கை

துன்பம் வரும்போது இறைவனை அழைப்பது எளிது. அழைத்த பின்னும் துன்பம் நீங்காதபோது அவரை விடாமல் பற்றியிருப்பது அரிது. அந்த அரிய நிலையில் நின்றவர்களுள் ஒருவர் பண்டித ரமாபாய் சரஸ்வதி. வேத நெறியில் பிறந்து, கிறிஸ்தவ நெறியைத் தழுவி, இழப்பு மேல் இழப்பாக வந்தபோதும் அதில் உறுதியாக நின்றவர் அவர்.

1858-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள், மேற்குத் தொடர்ச்சி மலையின் கங்காமூலா வனத்தில் ரமாபாய் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே பெரும் சமஸ்கிருத அறிஞர். பெண்கள் அம்மொழியைப் பயிலலாகாது என்று கருதப்பட்ட அக்காலத்தில், எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் மனைவி லக்ஷ்மிபாய்க்கு அதைக் கற்பித்தவர். ரமாபாய்க்கு அன்னையே ஆசிரியை ஆனார். செல்வம் கரைந்தபோது குடும்பம் வனத்தை விட்டுப் புறப்பட்டது. அப்போது ஆறு மாதக் குழந்தையாக இருந்த ரமாபாயைக் கூடையில் வைத்துச் சுமந்து சென்றனர். அதன்பின் தலம் தலமாகச் சென்று புராணம் வாசித்து, வந்த காணிக்கையில் வாழ்ந்தனர்.

1874-ஆம் ஆண்டை ஒட்டிச் சென்னை மாகாணத்தில் பஞ்சம் தலைகாட்டியது. தீர்த்தமாடினால், தானம் செய்தால், விரதம் காத்தால் இறைவன் கைவிடமாட்டார் என்று சாஸ்திரியார் நம்பினார். இருந்த பொருளெல்லாம் அவ்வாறே செலவாயிற்று. திருப்பதியில் தங்கியிருந்தபோது கடைசி அரிசியும் தீர்ந்தது. உற்றார் நடுவே வறுமையால் அவமானப்படுவதைவிடக் காட்டில் மடிவதே மேல் என்று முடிவு செய்து, அன்றிரவே வேங்கடமலைக் காட்டினுள் நுழைந்தனர். பதினொரு நாட்கள் நீரும் இலையும் காட்டு ஈச்சம்பழமுமே உணவு. முதிய தந்தை ஒரு குளத்தில் மூழ்கி உயிர் துறக்க முனைந்தார். அப்போது மகன் ஸ்ரீநிவாசர், சாதிப் பெருமையை விட்டுக் கூலி வேலை செய்தேனும் பெற்றோரைக் காப்பேன் என்று கூறித் தடுத்தார்.

காட்டை விட்டு வெளியே வந்த சில நாட்களில் தந்தை காலமானார். சில வாரங்களில் அன்னையும் மறைந்தார். பாடை சுமக்க ஆள் போதவில்லை. நால்வருள் ஒருவராக ரமாபாயே தோள் கொடுக்க முன்வந்தார். உயரம் குறைந்தவராதலால் தலையில் சுமக்க நேர்ந்தது. பின்னர் மூத்த சகோதரியும் காலராவுக்கு இரையானார். எஞ்சிய அண்ணனும் தங்கையும் கால்நடையாகவே நாட்டைச் சுற்றினர். சடங்குகளுக்குப் பலன் தருவார் என்று தாங்கள் எண்ணியிருந்த தெய்வத்தின்மீது இருவரும் நம்பிக்கை இழந்திருந்தனர்.

1878-இல் அவர்கள் கல்கத்தாவை அடைந்தனர். ரமாபாயின் புலமையை வியந்த அறிஞர்கள் அவருக்குப் பண்டிதை, சரஸ்வதி என்ற பட்டங்களை வழங்கினர். 1880-இல் அண்ணன் மறைந்தார். அதே ஆண்டு, சாதி கடந்து, விபின் பிஹாரி தாஸ் மேதவி என்ற வழக்கறிஞரை மணந்தார். 1882 பிப்ரவரியில் காலரா கணவரையும் கொண்டுசென்றது. இருபத்து மூன்று வயதில் கைம்பெண்ணான அவர் கையில் பச்சிளம் மகள் மனோரமா இருந்தாள்.

மருத்துவம் பயிலும் நோக்கத்துடன் 1883-இல் இங்கிலாந்து சென்றார். செவிப்புலன் குன்றியதால் அந்த வாய்ப்பு கைநழுவியது. அவ்வாண்டு செப்டம்பரில் மகளுடன் ஞானஸ்நானம் பெற்றார். எனினும் நெறியை ஏற்றதும் இறையனுபவம் வாய்த்ததும் ஒன்றல்ல என்று அவரே உணர்ந்திருந்தார். ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்குப் பின்னரே, தம் குறையோடும் வெறுமையோடும் கிறிஸ்துவிடம் தம்மை முழுதும் ஒப்புவித்து மன அமைதி கண்டார்.

1889-இல் பம்பாயில், இளம் விதவையருக்காக சாரதா சதனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது புனேவுக்கு மாறியது. மாணவியர் மதம் மாறுகின்றனர் என்ற குற்றச்சாட்டு 1893-இல் எழ, முன்பு ஆதரித்த பெரியோர் பலர் விலகினர். அமெரிக்காவில் அவர் பெயரால் இயங்கிய சங்கத்தினர் சுவாமி விவேகானந்தருடன் முரண்பட்டதும் வரலாறு. இந்திய விதவையரின் நிலையை எடுத்துரைக்கும் முறையில் இருதரப்புக்கும் வேறுபாடு இருந்தது. ஆயினும் நம் பெண்கள் கல்வி பெற்றுத் தம் காலில் நிற்க வேண்டும் என்ற கவலை சுவாமிஜிக்கும் இருந்தது.

1896-97-இல் மத்திய மாகாணங்களைப் பஞ்சம் வாட்டியது. பசி இன்னதென்று திருப்பதிக் காட்டில் அறிந்திருந்த ரமாபாய் அங்கு விரைந்து, சுமார் 300 பெண்களை மீட்டுவந்தார். புனே அருகே கேட்காமில் முக்தி சதனம் உருவாயிற்று. 1900-ஆம் ஆண்டுப் பஞ்சத்துக்குப் பின் அங்கே அடைக்கலம் பெற்றோர் 2,000 பேரை நெருங்கினர். தந்தை இழிவென்று எண்ணித் தயங்கிய உடலுழைப்பு அங்கே வழிபாட்டுக்கு இணையாக மதிக்கப்பட்டது. நெசவு, உழவு, அச்சுத் தொழில் ஆகியவற்றை அப்பெண்கள் கற்றனர்.

முதுமையில் இறுதிச் சோதனை வந்தது. தாயின் பணியைத் தொடர்வார் என்று அனைவரும் எதிர்பார்த்த மனோரமா, நோயுற்று 1921 ஜூலையில் தம் நாற்பதாவது வயதில் காலமானார். பிறந்த குடும்பத்தில் ஒருவரும் எஞ்சவில்லை, ஒரே மகளும் இல்லை, செவியும் கேளாது. ஆயினும் ரமாபாய் தளரவில்லை. எபிரேயமும் கிரேக்கமும் பயின்று, எளிய பெண்களும் படிக்கும் வகையில் விவிலியத்தை மராத்தியில் பெயர்த்துவந்த பணியை முடித்துவிட்டு, 1922 ஏப்ரல் 5-ஆம் நாள் உயிர் நீத்தார். முக்தி சதனத்தின் அச்சகத்தில் உருவான அந்நூல் 1924-இல் முழுமையாக வெளிவந்தது.

இளமையில் அவர் இழந்த நம்பிக்கை ஒரு வாணிகம் போன்றது. விரதத்தைக் கொடுத்து வாழ்வைப் பெறுவது அதன் கணக்கு. கணக்குப் பொய்த்ததும் நம்பிக்கையும் பொய்த்தது. பின்னர் அவர் பெற்ற நம்பிக்கையில் கணக்கே இல்லை. ஆகவே மகளின் மரணமும் அதைக் குலைக்க முடியவில்லை. கீதை போற்றும் பலன் கருதாத பக்தியும் இதுவே. அது எந்த ஒரு மதத்துக்கும் தனியுடைமை அன்று. அவர் ஏன் நம் நெறியை விட்டுச் சென்றார் என்று கேட்கும் முன், அன்னையின் பாடையைச் சுமக்க அந்த இளம்பெண் ஏன் முன்வர நேர்ந்தது என்று நம்மையே கேட்டுக்கொள்வது நலம். அதற்கு நாம் தரும் விடை சொல்லாக அல்ல, சேவையாக அமையட்டும்.