குறுக்கெழுத்தால் வந்த வினை

குறுக்கெழுத்துப் புதிர் தயாரித்ததற்காக ஒரு தலைமை ஆசிரியர்மீது உளவாளி என்ற சந்தேகம் விழுந்தது. 1944-ம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த சம்பவம் இது. அவர் பெயர் லியோனார்டு டாவ்.

1889-ல் பிறந்த டாவ், இளமையில் நல்ல கால்பந்து ஆட்டக்காரர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே ஆடுவார். 1912-ம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் போட்டிக்கான பிரிட்டிஷ் அணியிலும் இடம் பெற்றார். பின்னர் லண்டன் ஸ்டிராண்ட் பள்ளியின் தலைமை ஆசிரியர் ஆனார்.

டெய்லி டெலிகிராப் நாளிதழ் 1925-ல் குறுக்கெழுத்துப் புதிரை வெளியிடத் தொடங்கியது. அதைத் தயாரிக்கும் பொறுப்பு டாவிடம் வந்தது. நேராகக் கேட்காமல், நம் விடுகதை போலச் சுற்றி வளைத்துக் கேட்பது இவ்வகைப் புதிரின் வழக்கம். உதாரணமாக, நெப்டியூன் என்ற விடைக்குக் கடல் தேவன் என்று டாவ் குறிப்புத் தரவில்லை. பிரிட்டானியாவும் இவரும் ஒரே பொருளை ஏந்துபவர்கள் என்று குறிப்புத் தந்தார். நமக்குப் பாரத மாதா போல பிரிட்டிஷாருக்கு பிரிட்டானியா. அவள் கையிலும் கடல் தேவன் கையிலும் இருப்பது திரிசூலம்!

ஐந்து சொற்கள்

உலகப் போர் மூண்டதும் பள்ளி, சர்ரே மாவட்டத்தில் உள்ள எஃபிங்காம் கிராமத்துக்கு மாற்றப்பட்டது. 1942 ஆகஸ்டு 17-ந் தேதி புதிரில் தியப் என்ற பிரெஞ்சுத் துறைமுகத்தின் பெயர் வந்தது. இரண்டே நாளில் நேச நாட்டுப் படை அங்கே இறங்கிப் பெரும் சேதத்துடன் திரும்பியது. விசாரித்த அதிகாரிகள், தற்செயல் என்று விட்டுவிட்டார்கள்.

1944-ல் அப்படி விட முடியவில்லை. மே 2-ந் தேதி யூட்டா, 22-ல் ஒமாகா, 27-ல் ஓவர்லார்டு, 30-ல் மல்பெரி, ஜூன் 1-ல் நெப்டியூன் என விடைகள் வரிசையாக வந்தன. முதல் இரண்டும் படைகள் இறங்கவிருந்த கடற்கரைகளின் ரகசியப் பெயர்கள். ஓவர்லார்டு, நார்மண்டி படையெடுப்பின் பெயர். மல்பெரி, செயற்கைத் துறைமுகங்களுக்கு இட்ட பெயர். நெப்டியூன், கடற்படை நடவடிக்கையின் பெயர். படையெடுப்பு நாளோ ஜூன் 6!

உளவுத் துறையினர் டாவை வீடு தேடிவந்து துருவித் துருவி விசாரித்தார்கள். போர்க்காலத்தில் எதிரிக்கு உளவு சொன்னால் தண்டனை தூக்கு. விரும்பிய சொல்லைப் புதிரில் போடுவது குற்றமா என்று கேட்டார் டாவ். ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. ஆயிரக்கணக்கான வீரர்களின் உயிர் சம்பந்தப்பட்ட ரகசியம் கசியவில்லை என்று உறுதியானதும் அவரை விட்டுவிட்டார்கள்.

டாவ் 1963-ல் காலமானார்.

மாணவர் சொன்ன விடை

புதிருக்கு 1984-ல்தான் ஒரு விடை கிடைத்தது. வெற்றுக் கட்டங்களை மாணவர்களிடம் கொடுத்துச் சொற்களால் நிரப்பச் சொல்வாராம் டாவ்; பிறகு அவற்றுக்குக் குறிப்பு எழுதுவாராம். பள்ளிக்கு அருகே முகாமிட்டிருந்த வீரர்கள் பேசியதில் காதில் விழுந்த சொற்களைத் தாமே நிரப்பியதாக முன்னாள் மாணவர் ஒருவர் தெரிவித்தார். விஷயம் புரிந்ததும் டாவ் அவருடைய குறிப்பேட்டை எரிக்கச் சொல்லி, யாரிடமும் பேசக் கூடாது என்று பைபிள்மீது சத்தியம் வாங்கினாராம்.

மாணவர் சொன்னது உண்மையானால், தம்மீது விழுந்த பழி எங்கிருந்து வந்தது என்பது டாவுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சிறுவனை அவர் கடைசிவரை காட்டிக்கொடுக்கவில்லை.