வைத்தியர் ஜான் கோரி

நிழலின் அருமையை வெயிலில் நின்றவரே அறிவர். இவ்வுண்மையை அநுபவத்தால் அறிய விரும்புவோர், சித்திரைத் திங்களின் நண்பகலொன்றில் செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்வாராக. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றங்களும் அங்கே உருண்டு திரண்ட பெரும்பாறைகளாய்க் காட்சியளிக்கின்றன. அப்பாறைகள் பகல் முழுதும் வெயிலை உண்டு, இரவில் அதனை மெல்ல உமிழ்வன. ஆதலின் ஞாயிறு மறைந்த பின்னரும் அவ்வூரில் வெம்மை விரைவில் நீங்குவதில்லை. மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டினுள் ஒன்றாக 2025ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பெற்ற அக்கோட்டையினுள், கலியாண மகால் என்னும் மாளிகையொன்று உளது. நடுவே முற்றமும், சுற்றிலும் தூண்கள் நிறைந்த அறைகளும், அடுக்கடுக்காய் ஓங்கிய மாடங்களும் அமைய, எத்திசைக் காற்றும் தடையின்றிப் புகுமாறு அதனைக் கட்டியுள்ளனர். நீரும் மண்குழாய்களின் வழியே அங்குக் கொண்டுவரப்பட்டது. மலையேறிக் களைத்து வந்த யாம் அம்மாளிகையின் தூண்நிழலில் சிறிதுபோது அமர்ந்திருந்தபொழுது, வெளியில் அனலாய் வீசிய காற்றே உள்ளே தென்றலாய் மாறியது போன்றதோர் இன்பத்தை அடைந்தோம்.

அவ்வின்பத்தினிடையே ஒரு வினாவும் எழுந்தது. அரசர்க்கு இத்தகைய மாளிகை இருந்தது. நோயால் மெலிந்து சிறுவீட்டில் கிடக்கும் எளியவருக்கு யார் குளிர்ச்சி அளிப்பர்? முன்னாளில் ஓடு வேய்ந்து முற்றமும் தாழ்வாரமும் வைத்துக் கட்டிய இல்லங்கள் ஒருவாறு வெம்மையைத் தாங்கின. இந்நாளிலோ தளம் போட்ட சிறு வீடுகளே எங்கும் பெருகிவிட்டன. கோடையிரவில் அத்தளத்தின்கீழ்ப் படுத்திருக்கும் முதியோரும் குழந்தைகளும் நோயாளரும் படும் துன்பம் சொல்லுந்தரமன்று. அத்துன்பத்தைக் கண்டு மனமிரங்கி, வீட்டின் ஓர் அறையையேனும் குளிரச் செய்தல் வேண்டும் என்று தம் வாழ்நாளையும் பொருளையும் செலவிட்ட வைத்தியர் ஒருவர் சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டில் வாழ்ந்தனர். அவரே ஜான் கோரி என்னும் அமெரிக்கர். அவர்தம் சரித்திரத்தைச் சுருக்கமாக ஈண்டு எடுத்துரைப்பாம்.

அவர் காலத்தில் உலகம் குளிர்ச்சியைப் பெற்ற வழியை முதற்கண் அறிதல் வேண்டும். சென்னைக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லம் என வழங்கும் வட்ட வடிவான கட்டடத்தை நம் மாணவருட் பலர் கண்டிருப்பர். 1897ஆம் ஆண்டில் விவேகானந்த சுவாமிகள் அங்குத் தங்கினர். ஆனால் அது 1842ஆம் ஆண்டில் எழுந்தது பனிக்கட்டியைச் சேமித்து வைத்தற்கே. இன்றும் அப்பகுதியை ஐஸ் ஹவுஸ் என்றே மக்கள் அழைக்கின்றனர். பாஸ்டன் நகரத்து வணிகராகிய பிரடெரிக் டியூடர் என்பார், மாரிக்காலத்தில் உறைந்த ஏரிகளினின்று பனிக்கட்டியை அறுத்தெடுத்து, மரத்தூளிற் பொதிந்து, கப்பலேற்றி உலகெங்கும் விற்றனர். 1833ஆம் ஆண்டில் அவருடைய கப்பல் கல்கத்தாவை அடைந்தது. பின்னர்ச் சென்னையும் அப்பண்டத்தைச் சுவைத்தது. செல்வர் குடிக்கும் பானத்திற்கே பெரும்பாலும் அது பயன்பட்டது. கப்பல் வந்தால் குளிர்ச்சி, வாராவிடில் இல்லை. உலகின் நிலை இதுவாக இருந்த காலத்திலேதான் கோரி தோன்றினர்.

இவர் 1803ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 3ஆம் நாள் பிறந்தனர். தென் கரோலினா நாட்டில் வளர்ந்து, நியூயார்க் மாகாணத்தின் பேர்பீல்டு என்னும் ஊரிலிருந்த வைத்தியக் கலாசாலையிற் பயின்று, 1827ஆம் ஆண்டில் பட்டம் பெற்றனர். 1833ஆம் ஆண்டில் புளோரிடாவிலுள்ள அப்பலாச்சிக்கோலா என்னும் துறைமுகத்திற் குடியேறினர். மெக்ஸிகோ வளைகுடாவின் கரையில், ஆறு கடலொடு கலக்குமிடத்தில் அமைந்த அவ்வூர் பஞ்சு வாணிகத்தாற் செழித்தது; சதுப்பு நிலங்கள் சூழ்ந்தமையால் சுரத்தால் நலிந்தது. கோரி அங்கு வைத்தியராய் மட்டும் இராது, அஞ்சல் அதிகாரியாயும், நகரசபை அங்கத்தினராயும், 1837ஆம் ஆண்டில் நகரத் தலைவராயும் பணியாற்றினர். அவ்வூர்த் திரித்துவ ஆலயத்தை நிறுவியோருள்ளும் ஒருவராயினர். 1838ஆம் ஆண்டில் கரோலைன் என்னும் கைம்பெண்ணை மணந்தனர். சில காலத்திற்குள் பொதுப்பதவிகளைத் துறந்து நோயாளர் தொண்டிலேயே முழுமனத்தையும் செலுத்தலாயினர்.

மலேரியாச் சுரமும் மஞ்சட் சுரமும் ஆண்டுதோறும் கோடையில் அக்கரையிற் பரவின. 1841ஆம் ஆண்டில் மஞ்சட் சுரம் பெருங்கொள்ளையாய் வந்து பல உயிர்களை வாரிச் சென்றது. அழுகிய சதுப்பினின்று எழும் தீய காற்றே சுரத்திற்குக் காரணம் என்று அக்காலத்து அறிஞர் நம்பினர். மலேரியா என்னும் சொல்லின் பொருளே தீய காற்று என்பதாம். கோரியும் அவ்வாறே நம்பினர். ஆயினும் அந்நம்பிக்கையை வைத்துக்கொண்டு அவர் வாளா இருந்தாரில்லை. சதுப்பு நிலங்களின் நீரை வடித்தல் வேண்டும் என்றும், கடைவீதியைத் தூய்மையாக வைத்தல் வேண்டும் என்றும், உறங்குவோர் மெல்லிய வலைத்துணியைக் கட்டிக்கொள்ளுதல் வேண்டும் என்றும் வற்புறுத்தினர். குளிர்காலம் வந்தவுடன் சுரம் தணிவதைக் கண்டு, அக்குளிரை நோயாளியின் அறைக்குள்ளேயே வருவித்தால் என்ன என்று சிந்திக்கத் தொடங்கினர்.

அவர் செய்த முறை எளியது. நோயாளி படுத்திருக்கும் அறையின் மேற்புறத்தில் ஒரு பாத்திரத்தைத் தொங்கவிட்டு, அதில் பனிக்கட்டியை நிரப்புவர். புகைபோக்கியின் வழியே வரும் காற்று அதன்மீது படிந்து குளிரும். குளிர்ந்த காற்று கனமானதாகலின் கீழ்நோக்கி இறங்கி நோயாளியைத் தழுவும். பின்பு தரையோரத்து வாயில் வழியே வெளியேறும். நோயாளர் ஆறுதல் பெற்றனர். பனிக்கட்டியோ வடக்கினின்று கப்பலிலேதான் வருதல் வேண்டும். விலையும் மிகுதி, கப்பல் தாமதித்தால் ஒருபிடி பனிக்கட்டியும் கிடைப்பதரிது. வணிகரின் கப்பலை நோக்கியிருக்கும் வைத்தியம் வைத்தியமாகாது எனக் கண்ட கோரி, பனிக்கட்டியை யந்திரத்தால் ஆக்கும் வழியைத் தேடினர்.

1844ஆம் ஆண்டில் அவ்வூர்ப் பத்திரிகையில் இப்பொருள்பற்றித் தொடர்ச்சியாகக் கட்டுரைகள் வரைந்தனர். தம் பெயரை மறைத்து, அம்மைப்பால் குத்தும் முறையைக் கண்ட ஜென்னர் என்பாரின் பெயரைப் புனைந்துகொண்டனர். 1845ஆம் ஆண்டில் வைத்தியத் தொழிலையும் விட்டு யந்திரத்திலேயே முனைந்தனர். காற்றை அழுத்தினால் சூடேறும் என்பதைச் சைக்கிளுக்குக் காற்றடித்த எவரும் அறிவர். கோரி காற்றை அவ்வாறு அழுத்தி, அதிற் பிறந்த சூட்டை நீரால் தணித்து, பின்னர் அக்காற்றை ஓர் உருளையினுள் விரியச் செய்தனர். விரியுங்கால் அது மிகக் குளிர்ந்து, சூழ்ந்திருந்த உப்புநீரையும் குளிர்வித்து, அதனிடை வைத்த நன்னீரைக் கட்டியாக உறைவித்தது. 1850ஆம் ஆண்டின் கோடையில், பனிக்கட்டிக் கப்பல் வாராத நாளொன்றில், ஊர் விடுதியில் நடந்த விருந்தினர் முன் இவருடைய யந்திரம் செய்த பனிக்கட்டி வைக்கப்பட்டு யாவரையும் வியப்பித்தது என ஒரு செய்தி வழங்குகின்றது. 1851ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் 8080ஆம் எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமை அவருக்குக் கிடைத்தது.

அறிவிற்குக் கிடைத்த அவ்வெற்றி அவருடைய வாழ்விற்குக் கிடைத்திலது. கடவுள் ஒருவரே ஆக்கற்குரிய பனிக்கட்டியை மனிதன் ஆக்குவதாகப் பிதற்றுகின்றான் என்று நியூயார்க்குப் பத்திரிகையொன்று எள்ளி நகையாடியது. இறைவன் படைத்த பொருள்களின் இயல்பை ஆராய்ந்து பிறர் துயர் துடைத்தல் இறைவனுக்கு மாறாகுமோ என்பதை அப்பத்திரிகையினர் எண்ணினாரில்லை. பொருளுதவி செய்ய முன்வந்த பாஸ்டன் நகரத்துக் கூட்டாளி இறந்துபோயினர். வேறு செல்வரைத் தேடி நியூ ஆர்லியன்ஸ் நகரில் அலைந்தும் பயனில்லை. பனிக்கட்டி வணிகராகிய டியூடரே தமக்கு எதிராகப் பழியுரைகளைப் பரப்புகின்றார் எனக் கோரி ஐயுற்றனர். கைப்பொருள் கரைய, உடலும் உள்ளமும் தளர, 1855ஆம் ஆண்டு ஜூன் மாதம் 29ஆம் நாள் தமது 51ஆம் வயதில் இவ்வுலக வாழ்வை நீத்தனர். அவர் காலத்தில் அந்த யந்திரம் ஒருவர் வீட்டிற்கும் சென்று சேர்ந்திலது.

பின்னர்க் காலம் அவருக்கு இரண்டு தீர்ப்புகளை வழங்கியது. மலேரியாவைப் பரப்புவது கொசுவே என்பதற்குரிய சான்றை 1897ஆம் ஆண்டில் நம் நாட்டுச் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறிந்தனர். மஞ்சட் சுரமும் கொசுவாலேயே பரவுகின்றது என்பது 1900ஆம் ஆண்டில் நிலைநாட்டப்பட்டது. ஆகவே சுரத்தின் காரணத்தைப்பற்றிக் கோரி கொண்ட கருத்துப் பிழையாயிற்று. எனினும் சதுப்பை வடித்தலும் வலை கட்டுதலும் இன்றும் சரியான அறிவுரைகளே. மற்றைத் தீர்ப்பு இது: மனிதன் யந்திரத்தால் குளிர்ச்சியை உண்டாக்க இயலும் என்று அவர் கூறியது முற்றும் மெய்யாயிற்று. 1914ஆம் ஆண்டில் புளோரிடா மாகாணத்தார் அவருடைய உருவச்சிலையை வாஷிங்டன் நகரத்துச் சட்டமன்ற மாளிகையில் நிறுவினர்.

ஆயினும் குளிர்யந்திரம் நேரே நோயாளியின் அறையை நாடி வந்திலது. 1902ஆம் ஆண்டில் வில்லிஸ் கேரியர் என்னும் இளம் பொறியாளர் புரூக்லின் நகரத்து அச்சுக்கூடமொன்றிற்குக் காற்றைப் பதப்படுத்தும் யந்திரத்தை வகுத்தனர். ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்குவதைத் தடுத்தலே அதன் நோக்கம். பின்னர்ப் படக்காட்சிச் சாலைகளும் பெருங்கடைகளும் குளிர்ந்தன. இவற்றிலெல்லாம் ஓரிடத்திற் குளிர்வித்த காற்றைத் தகரத்தாற் செய்த அகன்ற காற்றுப்பாதைகளின் வழியே எங்கும் செலுத்தினர். எளிய வீட்டில் அப்பாதைகளுக்கு இடமேது? 1929ஆம் ஆண்டில் பிரிஜிடேர் நிறுவனத்தார் ஓர் அறைக்கு மட்டும் உரிய யந்திரத்தை இரு கூறாகச் செய்து விற்றனர்; ஆனால் அது பெரும்பாரமும் பெருவிலையும் உடையதாயிருந்தது. 1961ஆம் ஆண்டில் ஜப்பானியராகிய டோஷிபா நிறுவனத்தார் அவ்வகையை வெளியிட்டனர். அதன் வழிவந்ததே இன்று நம்மூர்க் கடைகளிற் காணப்படும் ஸ்பிளிட் ஏ.ஸி. என்பது.

கோரியின் அறையை நினைந்து இதனை நோக்குவார்க்கு இதன் நன்மை எளிதில் விளங்கும். சுவரின் உட்புறத்தில் ஒரு பெட்டி. வெளிப்புறத்தில் ஒரு பெட்டி. இரண்டையும் இணைப்பன செம்புக்குழாய்கள். குழாயினுள் ஓடும் பொருள் உள்ளே ஆவியாகி அறையின் வெப்பத்தைக் கவர்ந்து, வெளியே அழுத்தப்பட்டு அவ்வெப்பத்தை விடுத்து மீண்டும் திரவமாகும். காற்றுப்பாதை வேண்டாமையால், சுமார் மூன்று அங்குலத் துளையொன்றே சுவருக்குப் போதும். பழைய வீட்டையும் இடிக்க வேண்டுவதில்லை. நீண்ட காற்றுப்பாதைகள் வெப்பமான பரணின் ஊடே செல்லுங்கால், செலவிடும் ஆற்றலில் 30 விழுக்காட்டிற்கு மேலும் வழியிலேயே வீணாகக்கூடும் என்று அமெரிக்க எரிசக்தித் துறையினர் கூறுகின்றனர். இம்முறையில் அவ்விழப்பு இல்லை. வீடு முழுவதையும் குளிர்விக்காது, முதியவரோ குழந்தையோ உறங்கும் அறையை மட்டும் குளிர்விக்கலாம். ஓசை மிக்க பகுதி வெளியே இருத்தலின் உள்ளே உறக்கம் கெடுவதில்லை.

நன்மையைக் கூறிய யாம் எச்சரிக்கையையும் கூறுதல் கடன். இவ்வியந்திரம் அறையிலுள்ள காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விப்பது, புதுக்காற்றைக் கொணர்வதன்று. ஆதலின் இடையிடையே சன்னலைத் திறத்தலும், வடிகட்டியைக் கழுவுதலும் வேண்டும். அளவிற்கு மிஞ்சிக் குளிர்விப்பின் மின்செலவு பெருகும். 2020ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் விற்கப்படும் அறை யந்திரங்கள் தொடக்கத்தில் 24 பாகையில் நிற்குமாறு அமைக்கப்பட வேண்டும் என விதித்திருப்பதும் இதுபற்றியே. மேலும், நம் அறையினின்று நீக்கிய வெப்பம் மறைந்துபோவதில்லை. வெளியே தெருவிற்கும் அண்டை வீட்டாருக்குமே செல்கின்றது. கலியாண மகாலைக் கட்டினோர் அறிந்திருந்த நிழலையும் காற்றோட்டத்தையும் நம் வீடுகளில் முதலில் அமைத்து, எஞ்சிய வெம்மைக்கு மட்டும் யந்திரத்தை நாடுதல் அறிவுடைமையாம்.

வித்தியார்த்திகளே! கோரி என்னும் பெரியார் குளிர்ச்சியைத் தேடியது தம் சுகத்திற்காக அன்று. சுரத்தால் எரிந்த பிறர் உடலுக்காக. இன்று ஒரு வீட்டில் ஓர் அறையைக் குளிர்விக்கும் வசதி நம்மிற் பலருக்குக் கிட்டியுள்ளது. அவ்வறையில் முதலிடம் யாருக்கு என்பதே அவர் சரித்திரம் நம்மிடம் கேட்கும் கேள்வி. வீட்டிலுள்ள பாட்டியார்க்கும், பிறந்த குழவிக்கும், வெயிலில் உழைத்து மயங்கி வந்த அண்டை வீட்டாருக்கும் அவ்வறையின் கதவு திறந்திருக்குமாயின், அப்பலாச்சிக்கோலாவில் வறுமையுற்று மறைந்த அவ்வைத்தியரின் எண்ணம் செஞ்சியிலும் நிறைவேறியதாகும். அத்தகைய மனத்தை நமக்கு இறைவன் அருள்வானாக.