சுமை இறங்கிய இடம்: ‘கிறிஸ்தவக் கம்பர்’ கிருஷ்ணபிள்ளை



நாச்சியாபுரத்தில் வசிக்கும் நமக்குக் கம்பர் அந்நியர் அல்லர். காரைக்குடி கம்பன் விழாவுக்குப் போய் வந்தவர்கள் நம்மில் இருக்கிறீர்கள். நாட்டரசன்கோட்டையில் கம்பர் சமாதியைப் பார்த்தவர்களும் உண்டு. ஆனால் ‘கிறிஸ்தவக் கம்பர்’ என்று ஒருவர் அழைக்கப்பட்டது உங்களுக்குத் தெரியுமா? இந்த இதழில் அவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறோம்.

எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1827-இல் திருநெல்வேலிக்கு அருகே கரையிருப்பில் பிறந்தார். வைணவ வேளாளர் குடும்பம். தந்தை கம்பராமாயணத்தில் ஊறியவர். சிறுவயதிலேயே இலக்கணமும் இலக்கியமும் கற்ற கிருஷ்ணபிள்ளை, 1853-இல் சாயர்புரம் மிஷன் பள்ளியில் தமிழாசிரியர் ஆனார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1858-இல், சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். ஹென்றி ஆல்பிரெட் என்ற பெயர் அப்போது சேர்ந்தது. உறவும் ஊரும் முகம் திருப்பிக்கொள்ளக்கூடிய காலம் அது. முப்பதைத் தாண்டிய ஒரு தமிழ்ப் பண்டிதருக்கு அது லேசான முடிவு அல்ல.

அவர் ஏற்றுக்கொண்ட போதனையின் மையம் என்ன? தானம், தவம், நல்லொழுக்கம் என்று நாம் சேர்க்கும் எதுவும் கடவுளிடம் போவதற்கான கட்டணம் ஆகாது. கிறிஸ்துவின் மேல் வைக்கும் விசுவாசமே வழி என்பதுதான். தர்மத்துக்குப் பேர்போன செட்டிநாட்டில் இருந்துகொண்டு இதைக் கேட்டால் உங்களுக்குக் கொஞ்சம் உறுத்தும். அன்னதானமும் திருப்பணியும் வீணா என்று கேட்கத் தோன்றும்.

இதற்கு விடை தேட ஒரு கதை உதவும். இங்கிலாந்தில் ஜான் பனியன் 1678-இல் ‘மோட்சப் பயணம்’ நூலை வெளியிட்டார். அதில் ஒருவன் முதுகில் பாவச் சுமையோடு புறப்படுகிறான். வழியில் ஒரு கெட்டிக்காரர், ஒழுங்காக நடந்துகொண்டால் போதும், சுமை தானே இறங்கும் என்று வேறு பாதையைக் காட்டுகிறார். அந்தப் பாதையில் ஒரு மலை தலைமேல் விழுவதுபோல் நிற்கிறது. சுமையோ முன்னைவிடக் கனக்கிறது. கடைசியில் சிலுவையின் முன் நின்றபோதுதான் சுமை அவிழ்ந்து உருண்டு போகிறது. அதை இறக்க அவன் செய்தது ஒன்றுமில்லை.

இந்தக் கதையைத்தான் கிருஷ்ணபிள்ளை ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காப்பியமாக்கினார். 3,700-க்கும் மேற்பட்ட பாடல்கள். நூல் 1894-இல் வெளிவந்தது. அதை அவர் வெறும் மொழிபெயர்ப்பாகச் செய்யவில்லை. கம்பரின் நடையில் பாடினார். இயேசுவின் பாடுகளை விரிவாகச் சேர்த்தார். இடையிடையே தேவாரப் பதிகம்போல உருகும் பாடல்களை வைத்தார்.

அவருக்கு இது எப்படி இவ்வளவு இயல்பாக வந்தது? யோசித்துப் பாருங்கள். கம்பராமாயணத்தில் வீடணன் இராமனிடம் அடைக்கலம் புகும்போது, எந்தப் புண்ணியக் கணக்கையும் காட்டவில்லை. வந்தவனை இராமன் ஏற்றுக்கொண்டான். குட்டி தாயைப் பிடித்துக்கொள்ள வேண்டுமா, தாயே குட்டியைக் கவ்விக்கொண்டு போகுமா என்று குரங்கையும் பூனையையும் வைத்து வைணவர்கள் நெடுங்காலம் விவாதித்திருக்கிறார்கள். சரணாகதியும் கிறிஸ்தவ விசுவாசமும் ஒன்றல்ல. கிருஷ்ணபிள்ளைக்கு இரட்சகர் கிறிஸ்து ஒருவரே. ஆனாலும் தகுதியைப் பார்க்காத அருளைப் பாட அவருக்குத் தமிழில் சொல் தயாராக இருந்தது.

அப்படியானால் நற்செயல் வேண்டாமா? வேண்டும். ஆனால் வரிசை மாறுகிறது. வேர் பிடித்த மரம் தானே காய்க்கும். காய்களைக் கொண்டுவந்து கட்டித் தொங்கவிட்டால் மரம் வேர்விடாது. ஏற்றுக்கொள்ளப்பட்டவன் நன்றியால் நல்லது செய்கிறான், ஏற்றுக்கொள்ளப்படுவதற்காக அல்ல. கிருஷ்ணபிள்ளையின் வாழ்க்கையே இதற்குச் சாட்சி. ஞானஸ்நானம் பெற்று 36 ஆண்டுகள் கழித்துத்தான் அந்தப் பெருநூல் வெளிவந்தது. 1900-இல் மறையும்வரை தமிழை விடவில்லை.

நம் குடியிருப்பில் பல சமயத்தார் இருக்கிறோம். இந்தப் போதனையை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். ஆனால் அது கேட்கும் ஒரு கேள்வியை எல்லோரும் நமக்குள் கேட்டுப் பார்க்கலாம். நான் செய்யும் நல்லதில் கணக்குக்காகச் செய்வது எவ்வளவு, அன்பினால் செய்வது எவ்வளவு?

அடுத்த முறை நாட்டரசன்கோட்டைக்குப் போகும்போது, கம்பரோடு கரையிருப்புக்காரரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.