ஃபிட்ஸ்ராய்: பரம்பரை தந்ததும் தராததும்



காலையில காலேஜ் பஸ் பிடிக்கக் கிளம்பும்போது, குடை எடுக்கணுமா வேண்டாமான்னு மொபைலைத் தட்டிப் பார்க்கிற ஆளா நீங்க? அப்படின்னா இன்னைக்கு நான் சொல்லப்போற மனுஷருக்கு நீங்க ஒரு நன்றி பாக்கி வெச்சிருக்கீங்க. நாளைக்கு வானிலை எப்படி இருக்கும் என்று பொதுமக்களுக்குத் தினமும் பத்திரிகையில் சொல்லும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் அவர். பெயர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய்.

பயாலஜி புத்தகத்தில் டார்வின் போன பீகிள் கப்பலைப் பற்றிப் படித்திருப்பீங்க. அந்தக் கப்பலின் கேப்டன் இவர்தான். ஆனா கப்பலுக்குப் போறதுக்கு முன்னாடி இவரோட குடும்ப மரத்தை ஒரு பார்வை பார்த்துடுவோம். இவர் வாழ்க்கையின் நல்லது கெட்டது ரெண்டுக்கும் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கு.

பெயரிலேயே ஒரு கதை

ஃபிட்ஸ் என்றால் பழைய நார்மன் பிரெஞ்சில் மகன். ராய் என்றால் ராஜா. சேர்த்துப் படிச்சா ராஜாவின் மகன். கேட்கவே கெத்தா இருக்கு இல்ல? ஆனா பட்டத்து இளவரசனுக்கு இந்தப் பெயரை வைக்கமாட்டாங்க. அரசர் தன் மனைவி அல்லாத பெண்ணிடம் பெற்ற பிள்ளைக்கு வைக்கிற பெயர் இது.

இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸுக்கு ராணி மூலம் வாரிசு இல்லை. ஆனால் பார்பரா வில்லியர்ஸ் என்ற பெண்ணிடம் அவருக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் 1663-ல் பிறந்த ஹென்றி ஃபிட்ஸ்ராய். சிம்மாசனம் கிடையாது. அதுக்குப் பதிலா 1675-ல் கிராஃப்டன் டியூக் என்ற பட்டம் கிடைத்தது. ஹென்றி தரையிலும் படை நடத்தினார், கடலிலும் பதவி வகித்தார். 1688-ல் ஆட்சி மாறியபோது சொந்தச் சித்தப்பா இரண்டாம் ஜேம்ஸை விட்டுவிட்டு எதிரணியில் சேர்ந்தார். இரண்டே வருஷத்தில், 1690-ல், அயர்லாந்தின் கார்க் நகர முற்றுகையில் குண்டடிபட்டு இறந்தார். வயது 27.

அங்கேருந்து அப்படியே கீழே இறங்கி வாங்க. ராபர்ட்டின் கொள்ளுத்தாத்தா அகஸ்டஸ் பிரபு கடற்படை கேப்டன். ஸ்பெயினோடு நடந்த போருக்காகக் கரீபியன் கடலுக்குப் போனவர், 1741-ல் ஜமைக்காவில் இறந்தார். அவருக்கும் முப்பது வயசு ஆகலை. தாத்தா மூன்றாம் கிராஃப்டன் டியூக், 1768 முதல் 1770 வரை பிரிட்டனின் பிரதமர். அப்பா சார்லஸ் பிரபு ராணுவ ஜெனரல். சித்தப்பா ஒருவர் கடற்படையில் அட்மிரல் வரை போனவர். அப்பாவின் மூத்த தாரத்து மகனான அண்ணன், 1815-ல் வாட்டர்லூ போரில் சண்டை போட்டவர். பின்னால் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸுக்குக் கவர்னர்.

இதெல்லாம் அப்பா வழி. அம்மா வழி இதைவிடப் பெரிசு. அம்மா ஃபிரான்சஸ், லண்டன்டெரி பிரபுவின் மகள். அவருடைய அண்ணன், அதாவது ராபர்ட்டின் தாய்மாமன், காசல்ரே பிரபு. ஒரே அப்பா, வேற அம்மா. ஆனாலும் தாய்மாமன் தாய்மாமன்தானே! நெப்போலியனை வீழ்த்திய காலத்தில் பிரிட்டனின் வெளியுறவு அமைச்சராக இருந்து, வியன்னா மாநாட்டில் ஐரோப்பாவின் எல்லைகளைத் திருப்பி வரைந்தவர்களில் ஒருவர் அவர்.

இப்படிப்பட்ட வீட்டில், சஃபோக் மாவட்டத்து ஆம்ப்டன் மாளிகையில், 1805 ஜூலை 5 அன்று பிறந்தார் ராபர்ட். ஐந்து வயதுக்குள் அம்மாவை இழந்தார்.

சென்டம் எடுத்த பையன்

12 வயதில் போர்ட்ஸ்மவுத் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். நம்மில் சிலர் சிபாரிசு இருந்தா படிக்க மாட்டோம். இவர் அப்படி இல்லை. 1824-ல் லெப்டினன்ட் பதவிக்கான தேர்வில் முழு மதிப்பெண் வாங்கினார். அந்தத் தேர்வில் அதுவரை யாரும் எடுக்காத சென்டம்!

ஆனால் அதற்கு இரண்டு வருஷம் முன்னாடி, 1822-ல், ஒரு செய்தி அவரை உலுக்கியிருந்தது. வேலைச் சுமையிலும் மனக்கலக்கத்திலும் சிக்கித் தவித்த தாய்மாமன் காசல்ரே, தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். ராபர்ட்டுக்கு அப்போ 17 வயசு. மாமனுக்கு வந்தது தனக்கும் வருமோ என்ற பயம் அன்றைக்கு மனசுக்குள் நுழைந்தது. கடைசி வரை அது வெளியே போகவே இல்லை.

கப்பல் கைக்கு வந்த விதமும் அந்தப் பயத்தைக் கிளறுவதாகவே இருந்தது. தென் அமெரிக்காவின் தென்கோடியை அளந்து வரைபடம் போட அனுப்பப்பட்ட பீகிளின் கேப்டன் பிரிங்கிள் ஸ்டோக்ஸ், குளிரிலும் தனிமையிலும் மனம் உடைந்து 1828-ல் தற்கொலை செய்துகொண்டார். காலியான அந்த இடத்துக்குத்தான் ஃபிட்ஸ்ராய் நியமிக்கப்பட்டார். வயது 23.

அந்தப் பயணத்தில் அவர் செய்த ஒரு காரியத்தை மறைக்கக் கூடாது. 1830-ல் டியரா டெல் ஃபியூகோ தீவுவாசிகள் கப்பலின் படகு ஒன்றைத் திருடிவிட, அவர்களில் சிலரைப் பிணையாகப் பிடித்தார். கடைசியில் நான்கு பேரை இங்கிலாந்துக்கே கொண்டுபோனார். படிக்கவைத்து, மதம் கற்பித்துத் திருப்பி அனுப்புவது அவர் திட்டம். நால்வரில் ஒருவர் பெரியம்மையில் இறந்தார். மற்ற மூவரையும் அரசர், அரசி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவர் பார்வையில் அது உபகாரம். இன்னைக்கு நாம அதை ஆள்கடத்தல்னுதான் சொல்லுவோம். அந்த மூவரைத் திருப்பி அனுப்பும் பொறுப்புதான் பீகிளின் இரண்டாவது பயணத்துக்கு ஒரு காரணமாக அமைந்தது.

தனிமைக்கு ஒரு துணை

அந்தக் காலத்துக் கடற்படையில் கேப்டன் தன் அதிகாரிகளோடு சரிசமமாக உட்கார்ந்து அரட்டை அடிக்க முடியாது. சாப்பாடுகூடத் தனியாகத்தான். ஸ்டோக்ஸின் கதியும் மாமனின் கதியும் கண்முன்னால் இருக்க, வருஷக்கணக்கில் அப்படி இருக்க ஃபிட்ஸ்ராய்க்குத் துணிச்சல் வரவில்லை. பேச்சுத்துணைக்கு அறிவியல் ஆர்வமுள்ள ஒருவர் வேண்டும் என்று கேட்டார். அப்படி வந்து சேர்ந்தவர்தான் 22 வயது சார்லஸ் டார்வின். யோசிச்சுப் பாருங்க, மனசைப் பற்றிய ஒரு பயம் இல்லாமல் போயிருந்தா டார்வின் அந்தக் கப்பலில் ஏறியிருக்கவே மாட்டார்! 1831 டிசம்பர் 27 அன்று கப்பல் புறப்பட்டபோது கேப்டனுக்கே வயது 26தான்.

நம்ம டிபார்ட்மென்ட்காரங்களுக்குப் பிடித்த விஷயம் ஒண்ணு. கடலில் தீர்க்கரேகை கண்டுபிடிக்கத் துல்லியமான நேரம் வேண்டும். 4 நிமிஷப் பிழை ஒரு பாகைப் பிழை. அதனால் பீகிளில் 22 குரோனோமீட்டர்கள் ஏற்றப்பட்டன. அரசு கொடுத்தது போதாது என்று ஆறு கடிகாரங்களைத் தன் காசில் வாங்கினார். கிட்டத்தட்ட ஐந்து வருஷம் உலகைச் சுற்றி 1836 அக்டோபரில் திரும்பியபோது, மொத்தச் சுற்றின் கணக்கில் வந்த வித்தியாசம் சுமார் 33 விநாடிகள். லேப்ல ஒரே ரீடிங்கை மூணு தடவை எடுத்து மூணும் வேற வேறயா வர்றவங்களுக்கு இதோட அருமை புரியும்.

சொந்தக் காசு போட்டு வேலை பார்க்கும் குணம் அவரை விட்டுப் போகவில்லை. அளவெடுப்பு சீக்கிரம் முடியட்டும் என்று இன்னொரு கப்பலையும் தானே விலைக்கு வாங்கினார். கடற்படைத் தலைமை அந்தச் செலவை ஏற்க மறுத்தது. 1834-ல் சிலி நாட்டில் கப்பலை விற்றுவிட்டு, மனம் நொறுங்கி, பதவி விலகுவதாக எழுதிக் கொடுத்தார். தனக்கும் மாமனின் நோய் வந்துவிட்டது என்றே நம்பினார். துணை அதிகாரி விக்கம் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் பேசிப் பேசி அந்த முடிவை மாற்றினார். ஒருத்தர் பேசினதால தப்பித்த தடவை அது.

கூம்பும் உருளையும்

நாடு திரும்பிய பிறகு நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். 1843-ல் நியூசிலாந்து கவர்னர். அங்கே நிலத் தகராறில் மாவோரி மக்கள் பக்கமும் நியாயம் இருக்கு என்று நின்றதால் வெள்ளைக் குடியேறிகளின் கோபத்தைச் சம்பாதித்தார். 1845-ல் திருப்பி அழைக்கப்பட்டார். குடும்பப் பெயரால் கிடைக்கக்கூடிய பதவிகள் அத்தோடு ஏறக்குறைய முடிந்தன.

1854-ல் வர்த்தக வாரியத்தில் புதிதாகத் தொடங்கிய ஒரு சின்ன வானிலைத் துறைக்குத் தலைவராக உட்காரவைத்தார்கள். கப்பல்களிடமிருந்து காற்று, அழுத்தம், வெப்பநிலை விவரம் வாங்கி அட்டவணை போடுவதுதான் வேலை. முன்கூட்டிச் சொல்வதெல்லாம் யாரும் கேட்காத வேலை.

1859 அக்டோபர் 26. மெல்போர்னிலிருந்து தங்கத்தோடு திரும்பிய ராயல் சார்ட்டர் கப்பல், லிவர்பூலை நெருங்கும் நேரத்தில் வேல்ஸ் கரையில் பாறையில் மோதி உடைந்தது. சுமார் 450 பேர் இறந்தார்கள். பிறகு ஃபிட்ஸ்ராய் எல்லா இடத்துக் குறிப்புகளையும் அடுக்கிப் பார்த்தார். புயல் திடீர்னு முளைக்கலை. நகர்ந்து வந்திருக்கு. அது எங்கே இருக்குன்னு ஒரு ஊருக்குத் தெரிந்தபோது அடுத்த ஊருக்குத் தெரியலை, அவ்வளவுதான். ஆனால் புயலைவிட வேகமான ஒன்று அப்போது நாட்டில் இருந்தது: தந்தி.

உடனே திட்டம் போட்டார். கடலோர நிலையங்களிலிருந்து தினமும் காலை தந்தியில் அளவீடுகள் லண்டனுக்கு வரும். ஆபத்து தெரிந்தால் துறைமுகங்களுக்குத் தந்தி திரும்பிப் போகும். அங்கே கம்பத்தில் கூம்பு ஏற்றுவார்கள். முனை மேலே இருந்தால் வடக்குப் புயல், கீழே இருந்தால் தெற்குப் புயல். கூம்போடு உருளையும் சேர்ந்தால் கடும் புயல். எழுதப் படிக்கத் தெரியாத மீனவரும் தூரத்திலிருந்தே பார்த்துப் புரிந்துகொள்ளலாம். கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்தினாங்கன்னு செய்தியில் கேட்கிறோமே, அதுவும் இதே யோசனைதான்.

1861 பிப்ரவரியில் புயல் எச்சரிக்கை தொடங்கியது. ஆகஸ்ட் 1 அன்று டைம்ஸ் நாளிதழில் முதல் பொது முன்னறிவிப்பு வந்தது. ஜோசியம், ஆரூடம் என்ற வாடையே அடிக்கக் கூடாது என்று, ஃபோர்காஸ்ட் என்ற சொல்லை அவர்தான் வானிலைக்குக் கொண்டுவந்தார்.

கேலியும் கடனும்

பத்து தடவை சரியாகச் சொன்னதை யாரும் எண்ணவில்லை. ஒரு தடவை தப்பானதை ஊரே எண்ணியது. பத்திரிகைகள் கிண்டலடித்தன. கூம்பு ஏறினால் படகுகள் கரையிலேயே நின்றுவிடும் என்பதால் படகு முதலாளிகளுக்கு நஷ்டக் கணக்கு. கொள்கை இல்லாமல் குத்துமதிப்பாகச் சொல்கிறார் என்று விஞ்ஞானிகள் முகம் சுளித்தார்கள். தந்திச் செலவைப் பற்றி நாடாளுமன்றத்தில் கேள்வி.

வேறொரு சுமையும் உள்ளே அரித்தது. டார்வினின் புத்தகம் 1859-ல் வந்துவிட்டது. ஆழ்ந்த மதப்பற்றுள்ள ஃபிட்ஸ்ராய்க்கு, தன் கப்பலில்தான் அந்தக் கருத்துக்கு விதை விழுந்தது என்பது தாங்க முடியாத வேதனை. 1860-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பரிணாமம் பற்றி நடந்த புகழ்பெற்ற விவாதத்தில், புயல்கள் பற்றிக் கட்டுரை படிக்க வந்திருந்த அவர், பைபிளைத் தூக்கிப் பிடித்து எதிர்ப்புச் சொன்னார்.

பரம்பரைச் சொத்தெல்லாம் கரைந்திருந்தது. உடம்பும் மனசும் தளர்ந்தன. 1865 ஏப்ரல் 30, ஞாயிற்றுக்கிழமை காலை, தாய்மாமன் போன வழியிலேயே போய்விட்டார். வயது 59. குடும்பத்துக்கு மிஞ்சியது கடன். நண்பர்கள் நிதி திரட்டினார்கள். டார்வின் 100 பவுண்டு கொடுத்தார்.

அவர் வேலையை ஆராய அமைந்த குழுவுக்குத் தலைவர் ஃபிரான்சிஸ் கால்டன். மேதைமை பரம்பரையாக வரும் என்று பின்னாளில் புத்தகமே எழுதியவர். குழு சொன்னபடி முன்னறிவிப்பு நின்றது, 1866 டிசம்பரில் புயல் எச்சரிக்கையும் நின்றது. அப்போ அதை மறுபடி வேணும்னு கேட்டது யார் தெரியுமா? கடலோர மக்களும் கப்பல்காரர்களும்தான். ஒரு வருஷத்துக்குள் எச்சரிக்கை திரும்ப வந்தது. பத்திரிகை முன்னறிவிப்பு 1879-ல் திரும்பியது.

இப்போ அந்தக் குடும்ப மரத்தை இன்னொரு தடவை பாருங்க. பெயர், பணம், கப்பல், பதவி எல்லாம் பரம்பரை கொடுத்தது. முன்னறிவிப்பை அது கொடுக்கலை. அதை அவரே உண்டாக்கினார். மாமனின் நோய் ரத்தத்தில் வந்ததா என்று நாம் தீர்ப்பு எழுத வேண்டாம். கடன், கேலி, ஓயாத வேலை என்று வெளியே தெரிந்த காரணங்களே நிறைய. ஆனா வந்தே தீரும் என்று 17 வயசிலிருந்து நம்பிக்கொண்டே இருந்தாரே, அந்தச் சுமையைச் சாதாரணமா நினைக்காதீங்க. எங்க குடும்பத்துக்கே இப்படித்தான்னு நம்ம ஹாஸ்டலிலும் யாரோ ஒருத்தர் உள்ளுக்குள்ளே சொல்லிக்கிட்டு இருக்கலாம். சிலியில் விக்கம் செய்த மாதிரி, பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் பேசுங்க.

ஃபிட்ஸ்ராய் தொடங்கிய சின்னத் துறைதான் இன்றைய பிரிட்டிஷ் வானிலை அலுவலகம். கப்பல்களுக்கான வானிலை அறிக்கையில் ஃபினிஸ்டர் என்று இருந்த கடல் பகுதிக்கு 2002-ல் ஃபிட்ஸ்ராய் என்று பெயர் மாற்றினார்கள். அந்தப் பட்டியலில் ஒரு மனிதரின் பெயரைத் தாங்கிய கடல் அது ஒன்றுதான்.