கவுன்சில் ஹாலின் உள்ளும் வெளியும்: தொழிலாளர் தலைவராக அம்பேத்கர்

மும்பையின் அப்போலோ பந்தர் பகுதியில், கடலுக்கு அருகே, பழைய கற்கட்டடம் ஒன்று நிற்கிறது. கப்பல் தொழிலாளர்கள் தங்குவதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. 1928இல் பம்பாய் மாகாணச் சட்டமன்றத்துக்கென எடுத்துக்கொள்ளப்பட்டுக் கவுன்சில் ஹால் ஆயிற்று. பின்னாளில் சட்டமன்றம் புதிய கட்டடத்துக்கு இடம்பெயர்ந்தது. இன்று அங்கே இயங்குவது மகாராட்டிரக் காவல்துறையின் தலைமையகம். தொழிலாளர்மீது காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டுக்கு அரசு பதில் சொல்லியாக வேண்டும் என்று 1939 மார்ச் மாதத்தில் அண்ணல் அம்பேத்கர் வாதாடியது இந்தச் சுவர்களுக்குள்தான்.

அரசியல் சட்டத்தை வரைந்தவராக, பௌத்தம் தழுவியவராக நாம் அவரை நன்கறிவோம். சட்டமன்ற வாயிலை நோக்கி உழவர்களைத் திரட்டியவராக, ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் தலைமையேற்றவராக அவரைப் பற்றி நாம் பேசுவது குறைவு. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகைக்கு முன் நாள்கணக்கில் அமர்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களை, நீதிமன்ற உத்தரவைக் காட்டி நள்ளிரவில் காவல்துறை அப்புறப்படுத்தியதைக் கண்ட பிறகு, அந்த அம்பேத்கரிடம் நாம் திரும்பிச் செல்ல வேண்டியிருக்கிறது. பம்பாய் மாநகராட்சித் தொழிலாளருக்குச் சங்கம் கண்டவர்களில் அவரும் ஒருவர்.

அவர் 1891 ஏப்ரல் 14 அன்று மாவ் படைக்குடியிருப்பில் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால் படையில் சுபேதாராக இருந்தவர். குடும்பம் பம்பாய்க்கு வந்தபின் அவர் வளர்ந்தது ஆலைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பரேல் பகுதியில். கொலம்பியாவிலும் லண்டனிலும் பெற்ற பட்டங்களோடு திரும்பிய பின்னரும், பல ஆண்டுகள் அரசு கட்டிய தொழிலாளர் குடியிருப்பின் இரண்டு சிறிய அறைகளே அவருக்கு வீடு. ஆலைச் சங்கு ஊதும் நேரத்தைக் கொண்டே பொழுதை அறியும் தெருக்கள் அவை. தொழிலாளர் வாழ்வு அவருக்குப் புத்தகத்தின் வழியே வந்தது அன்று.

காவல்துறையோடு அவர் சமூகத்துக்கிருந்த உறவு விசித்திரமானது. மகாராட்டிரச் சிற்றூர்களில் மகர்கள் வதன் முறையால் பிணைக்கப்பட்டிருந்தனர். அரசு அலுவலர்களின் ஏவல், காவல், கடிதம் சுமத்தல், திருடரின் தடம் தேடல் என இரவுபகலாக அவர்கள் செய்த வேலைக்கு ஈடாகக் கிடைத்தது துண்டு நிலமும் ஊரார் இடும் தானியமும். ஒருவர் வேலை செய்ய முடியாவிட்டால் அவர் குடும்பத்தார் அந்த வேலைக்கு வந்தாக வேண்டும். அரசதிகாரத்தின் கடைசிக் கையாக ஊரில் ஓடியவர்கள் மகர்கள். ஆனால் காவலர் சீருடை என்று வரும்போது அதே அரசு அவர்களைத் தீண்டப்படாதவர் என்று கதவடைத்தது. 1928இல் சைமன் குழுவின் முன் காவல்துறையிலும் படையிலும் நுழையும் உரிமையை அம்பேத்கர் கோரினார். அதே ஆண்டு வதன் கொத்தடிமையை ஒழிக்கச் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை.

தொழிற்சங்கங்களோடும் அவருக்குக் கசப்பான கணக்கு ஒன்று இருந்தது. பம்பாய் நூற்பாலைகளில் கூலி அதிகமுள்ள நெசவுப் பிரிவில் தீண்டப்படாதோருக்கு இடமில்லை. ஊடை நூல் தீர்ந்ததும் புதிய நூலைத் தறி நாடாவின் துளை வழியே வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். மகர் ஒருவர் வாய்வைத்த நாடாவில் தாம் வாய்வைப்பதா என்பது சாதி இந்துத் தொழிலாளரின் கேள்வி. செங்கொடி ஏந்திய சங்கங்கள் இதை எதிர்த்து உறுதியாக நிற்கவில்லை. 1929 வேலைநிறுத்தத்தை அம்பேத்கர் ஆதரிக்காததற்கு இது முக்கியமான காரணம். அந்த முடிவை இன்றும் சிலர் கருங்காலித்தனம் என்று பழிக்கின்றனர். நாடாவை மறந்துவிட்டு அந்த முடிவை எடைபோடுவது நேர்மையாகாது என்பதே நம் கருத்து. வேலைநிறுத்தம் செய்யும் உரிமையை அவர் அன்றும் மறுக்கவில்லை. யாருடைய கூலிக்காக யார் பட்டினி கிடப்பது என்பதையே கேட்டார்.

1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1937 தேர்தலில் அக்கட்சி போட்டியிட்ட 17 இடங்களில் பெரும்பாலானவற்றை வென்றது. ஆட்சி அமைத்தது காங்கிரசு. பி. ஜி. கெர் பிரதமர், கே. எம். முன்ஷி உள்துறை அமைச்சர். அவ்வாண்டு செப்டம்பரில் கோத்தி முறையை ஒழிக்கும் மசோதாவை அம்பேத்கர் முன்வைத்தார். கொங்கணக் கரையில் அரசுக்கும் உழவருக்கும் இடையே நின்று வரி தண்டிய கோத்துகள், குத்தகையாளரிடம் விளைச்சலின் பெரும்பங்கையும் கூலியில்லா உழைப்பையும் பிடுங்கிவந்தனர். மசோதா கிடப்பில் கிடந்தது. 1938 சனவரியில் கொங்கணத்திலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் சுமார் 20,000 உழவர்கள் பம்பாய்க்குத் திரண்டு கவுன்சில் ஹாலை நோக்கி நடந்தனர். மகர்களும் குன்பிகளும் ஆக்ரிகளும் ஒரே வரிசையில் சென்றனர். ஊரில் ஒரே கிணற்றில் நீர் எடுக்க முடியாதவர்கள் அவர்கள். சட்டமன்றத்தை நெருங்கக் காவல்துறை அனுமதிக்கவில்லை. ஊர்வலம் எஸ்பிளனேடு மைதானத்தில் நிறுத்தப்பட்டது. அம்பேத்கர் உள்ளிட்ட தூதுக்குழு மட்டும் பிரதமரைச் சந்தித்துக் கோரிக்கைகளைக் கொடுத்தது. கோத்தி முறையை ஒழிக்கும் சட்டம் 1949இல்தான் வந்தது.

அடுத்த மாதம் மன்மாடில் கூடிய இரயில்வே தீண்டப்படாத தொழிலாளர் மாநாட்டில், பார்ப்பனியமும் முதலாளித்துவமும் உழைக்கும் மக்களின் இரு பகைகள் என்று வரையறுத்தார். பார்ப்பனியம் என்று அவர் சுட்டியது ஒரு சாதியாரை அன்று, சமத்துவத்தை மறுக்கும் மனப்போக்கை என்பதையும் அங்கேயே விளக்கினார்.

1938 செப்டம்பரில் காங்கிரசு அரசு தொழில் தகராறு மசோதாவைக் கொண்டுவந்தது. வேலைநிறுத்தத்துக்கு முன் கட்டாயச் சமரச நடைமுறை முழுதும் முடிந்திருக்க வேண்டும். அதற்குமுன் வேலையை நிறுத்தினால் அது சட்டவிரோதம், அதில் ஈடுபடும் தொழிலாளிக்குச் சிறை. அம்பேத்கரின் மறுப்பு சட்டத்தின் அடித்தளத்தையே தொட்டது. வேலையை விட்டு நீங்குவது அதிகம் போனால் ஒப்பந்த மீறல், அதற்கு உரிமையியல் வழக்கு உண்டு. அதைக் குற்றமாக்குவது, விருப்பமில்லாதவனை வேலை செய்யுமாறு சிறையைக் காட்டி வற்புறுத்துவது. அதற்கு அடிமைத்தனம் என்பதைத் தவிர வேறு பெயரில்லை. விடுதலைக்கான உரிமை புனிதமானது என்று காங்கிரசு கருதுமாயின், வேலைநிறுத்த உரிமை அதன் மறுபெயரே என்றும் அவர் நிறுவினார்.

இந்த வாதத்தின் வேர் சட்டநூல்களில் மட்டும் இல்லை. முன்னறிவிப்பின்றித் துப்புரவுப் பணியாளர் வேலையை விட்டால் தண்டிக்கும் விதிகள் அன்றைய நகராட்சிச் சட்டங்கள் பலவற்றில் இருந்தன. வதன் மகருக்கும் வேலையை மறுக்கும் வழியில்லை. 1938இல் ஆலைத் தொழிலாளிக்குப் புதிதாக வந்த அச்சுறுத்தல், சேரிக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழகிய ஒன்று. வேலைநிறுத்தத் தடையில் அடிமைத்தனத்தின் சாயலை அவர் உடனே கண்டுகொண்டதற்கு இதுவே காரணம் என்று நாம் கருதுகிறோம்.

மசோதா நிறைவேறியது. 1938 நவம்பர் 7 அன்று ஒருநாள் வேலைநிறுத்தம். 1929இல் எதிரெதிரே நின்ற அம்பேத்கரும் டாங்கேயும் இப்போது ஒரே மேடையில் நின்றனர். காம்கார் மைதானத்தில் பெருங்கூட்டம் கூடியது. பல ஆலைகளில் தறிகள் ஓடவில்லை. சமதா சைனிக் தளத்தின் இளைஞர்கள் தொண்டர்களாக நின்றனர். ஆலைப் பகுதிகளில் கல்வீச்சும் தடியடியும் நிகழ்ந்தன, காவல்துறை சுட்டது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட, கதரணிந்த ஓர் அமைச்சரவையின் கீழ் அது நடந்தது.

அரசு விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. அதன் அறிக்கை 1939 மார்ச்சில் கவுன்சில் ஹாலில் விவாதத்துக்கு வந்தது. அரசே அமைத்த குழுவின் சான்றிதழால் கொலைக்கணக்கை முடித்துவிட முடியுமா என்பதுதான் அம்பேத்கர் எழுப்பிய சிக்கல். துப்பாக்கியை இயக்கியவர் அலுவலராயினும், இயக்கச் சொன்னவர் அமைச்சராயினும், நாட்டின் பொதுச்சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்களே. சுட்டது முறையா என்று தீர்மானிக்கும் இடம் நீதிமன்றம். சொந்த நாட்டு அமைச்சர் சொந்த மக்களைச் சுடலாம், தம் கட்சிக்காரர் என்பதற்காக மற்றவர்கள் அதைச் சிரித்தபடி ஏற்கலாம் என்பதுதான் தன்னாட்சியின் பொருளெனில், அத்தகைய தன்னாட்சி மக்களுக்குச் சாபமே என்று அவர் எச்சரித்தார். ஆள்வோரின் நிறம் மாறினால் தடியின் தன்மை மாறிவிடும் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை.

1942 சூலையில் அவர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினரானார். அடுத்த மாதமே வெடித்த ஆகஸ்டு போராட்டத்தை அந்த அரசு துப்பாக்கியால் எதிர்கொண்டது. அவர் பதவியில் நீடித்தார். போர்க்கால நிலக்கரித் தேவையைச் சொல்லி, சுரங்கத்துக்கு அடியில் பெண்கள் வேலை செய்வதற்கிருந்த தடை நீக்கப்பட்டதையும் மன்றத்தில் நியாயப்படுத்தினார். அவரை நேசிக்கும் நாம் இவற்றை விழுங்கிவிட்டுப் பேசக் கூடாது. அதே பதவியில் இருந்தபடிதான் தொழிற்சங்கங்களுக்குக் கட்டாய அங்கீகாரம் கோரும் மசோதாவைக் கொண்டுவந்தார். ஆலைகளில் வாரத்துக்கு 48 மணி நேர வேலை என்ற வரம்புக்கும் வழிவகுத்தார்.

பதவி முடிந்ததும் மீண்டும் சட்டமன்ற வாயில். அமைச்சரவைத் தூதுக்குழு பட்டியல் சாதியினரின் அரசியல் உரிமைகளைக் கைவிட்டதை எதிர்த்து, 1946 சூலையில் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு பூனாவில் அறப்போர் தொடங்கியது. மழைக்காலத்தில் பம்பாய்ச் சட்டமன்றம் அங்கேதான் கூடும். மீண்டும் கெரே பிரதமர். நாள்தோறும் அணியணியாகச் சென்றவர்களைக் காவல்துறை கைதுசெய்தபடி இருந்தது.

பின்னர் வந்த அரசியல் சட்டத்தில் ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையும் சங்கம் அமைக்கும் உரிமையும் 19ஆம் பிரிவில் இடம்பெற்றன. கட்டாய உழைப்பை 23ஆம் பிரிவு தடைசெய்தது. வேலைநிறுத்த உரிமை அடிப்படை உரிமையாகவில்லை. தடுப்புக் காவலுக்கு 22ஆம் பிரிவு இடமளித்தது. அதற்குச் சில வரம்புகளையாவது கட்டும் திருத்தத்தைக் கொண்டுவந்தவர் அம்பேத்கர்தான். 1956 டிசம்பர் 6 அன்று அவர் மறைந்தார். அடுத்த நாள் அவர் உடல் பம்பாயின் தொழிலாளர் பகுதிகள் வழியே தாதர் கடற்கரைக்குச் சென்றது.

அவர் எதிர்த்த 1938ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை 1946இல் பம்பாய்த் தொழிலுறவுச் சட்டம் எடுத்துக்கொண்டது. அவர் மறைந்து 25 ஆண்டுகளுக்குப் பின், 1982இல், பம்பாய் ஆலைத் தொழிலாளர் தொடங்கிய நெடிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் ஒன்று அந்தச் சட்டத்தை நீக்க வேண்டும் என்பது.