சுவடி சேர்த்த துரை

ஸ்காட்லாந்துக்கு அருகே ஒரு தீவில் சுங்க உத்தியோகம் பார்த்த காலின் மெக்கன்சி, 1783-ல் சென்னைக்கு வந்தார். அப்போது அவருக்கு 29 வயது. கம்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்தார்.

மதுரையில் ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி குடும்பத்தோடு வசித்தார். அவர் மனைவி ஹெஸ்டர், லாகரிதம் என்ற கணக்கைக் கண்டுபிடித்த நேப்பியரின் வம்சத்தில் வந்தவர். நம் நாட்டாரின் பழைய கணிதத்தை அறிய விரும்பி, மெக்கன்சியை மதுரைக்கு அழைத்தார். அந்த வீட்டுக்குப் பண்டிதர்கள் வந்து போனார்கள். கணக்கைத் தேடி வந்த மெக்கன்சிக்கு, அங்கே சரித்திர ஆசை பிடித்துக்கொண்டது.

ஆசை இருந்தது, அவகாசம் இல்லை. திண்டுக்கல், கோயமுத்தூர்ப் பக்கம் படையோடு அலைந்தார். மைசூர் யுத்தங்களில் பொறியாளராகப் பணிபுரிந்தார். பதின்மூன்று ஆண்டுகள் இப்படியே போயின. நம் பாஷைகளும் அவருக்கு வரவில்லை.

1796-ல் இலங்கைப் படையெடுப்பிலிருந்து திரும்பியபின், காவலி வெங்கட போரய்யா என்ற ஆந்திர இளைஞர் கிடைத்தார். அதன் பிறகுதான் வேலை நடந்தது. போரய்யா 1803-ல் இறந்ததும் அவர் தம்பி லட்சுமய்யா பொறுப்பேற்றார். ஆட்கள் ஊர் ஊராகப் போனார்கள். ஓலைச்சுவடிகளை வாங்கினார்கள், கல்வெட்டுகளைப் பிரதி எடுத்தார்கள். அக்காலத்தில் போட்டோ ஏது? கோட்டைகளையும் சிலைகளையும் கையால் வரைந்தார்கள்.

தென்சீமைப் பாளையக்காரர்களின் வம்சாவளிகளும் சேர்ந்தன. எந்த முன்னோர் எந்த ராஜாவுக்காகச் சண்டை போட்டார், என்ன விருது பெற்றார் என்ற கதைகள் அவை. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை 1801-ல் தரைமட்டமாக்கியது கம்பெனிப் படை. அதே படையின் அதிகாரி ஒருவர்தான் பாளையக்காரர் கதைகளை அழியாமல் சேர்த்து வைத்தார். விசித்திரம்தான்!

மெக்கன்சி 1815-ல் இந்தியா முழுவதற்கும் தலைமை நில அளவையாளர் ஆனார். 1821 மே 8-ல் கல்கத்தா அருகே காலமானார். சேர்த்தவற்றைத் தாமே உட்கார்ந்து ஆராய அவருக்குக் காலம் வாய்க்கவில்லை. அவர் விட்டுச்சென்றவை 1,568 சுவடிகள், 8,076 கல்வெட்டுப் பிரதிகள், 6,218 நாணயங்கள், 2,630 சித்திரங்கள். கம்பெனி அவர் மனைவிக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்து அவற்றை வாங்கியது.

எஜமான் விட்ட வேலையைத் தொடர லட்சுமய்யா அனுமதி கேட்டார். சேகரிக்கத் தெரியும், ஆராயத் தெரியாது என்று கல்கத்தா அறிஞர்கள் மறுத்துவிட்டார்கள். வேலை டெய்லர் என்ற பாதிரியாருக்குப் போயிற்று. இத்தனை ஆண்டு உழைத்தவருக்கு இது அநியாயம் என்றே சொல்ல வேண்டும்.

அந்தச் சேகரத்தில் ஒரு பகுதி லண்டனில் இருக்கிறது. தமிழ்ச் சுவடிகள் பல சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கின்றன. ஹிக்கி என்ற ஓவியர் 1816-ல் தீட்டிய படமும் லண்டனில் உள்ளது. சிவப்பு ராணுவ உடையில் மெக்கன்சி நிற்கிறார். அவரைச் சுற்றி நம் நாட்டவர் மூவர். ஒருவர் கையில் ஓலைச்சுவடி.